தியாகம் கேட்காதீர்கள், உதவித்தொகையை மாதா மாதம் கொடுங்கள்

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் மேடை போடுவார்கள். மேடை ஏறுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கதையைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சி.வி. இராமன் நிதித்துறையில் கைநிறையச் சம்பளம் வாங்கிய அதிகாரி. அந்த வேலையை 1917இல் உதறிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். எளிய கருவிகளை வைத்தே நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பைச் செய்தார். கதை முடிந்ததும் நீதி வரும்: இன்றைய மாணவர்களிடம் அந்தத் தியாக உணர்வு இல்லை, வசதி கேட்கிறார்கள், பணம் கேட்கிறார்கள், போராட்டம் நடத்துகிறார்கள்.

கீழே உட்கார்ந்து கைதட்டும் ஆய்வு மாணவர்களில் சிலருக்கு அப்போது மூன்று மாத உதவித்தொகை பாக்கி இருக்கும். மெஸ் பில் கட்டச் சொல்லி விடுதியில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். ஊரிலிருந்து அம்மா போன் செய்து, இந்த மாதமாவது ஏதாவது அனுப்ப முடியுமா என்று கேட்டிருப்பார்.

இராமன் வேலையை விட்டது உண்மை. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் ஒன்றைத் துறக்க வேண்டுமென்றால் அது முதலில் அவரிடம் இருக்க வேண்டும். அதிகாரி வேலை, அதை விட்டாலும் தாங்கிக்கொள்ளும் குடும்பம், விட்ட பிறகும் குறையாத சமூக மதிப்பு ஆகிய மூன்றும் இருந்தவர்தான் வேலையைத் துறக்க முடியும். இவை எதுவும் இல்லாத வீட்டிலிருந்து ஆய்வுக்கு வரும் பிள்ளை எதையும் துறப்பதில்லை. அந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்குகிறார்கள். பிடுங்கிய பிறகு அதற்கும் தியாகம் என்றே பெயர் வைக்கிறார்கள். ஏகலைவன் கட்டைவிரலை வெட்டிக் கொடுத்ததைக் குருதட்சணை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த மரபு இது. அதற்கு இது புதிதல்ல.

வளரும் நாடுகளில் அறிவியலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தியாகம் என்ற சொல் வந்துவிடுகிறது. அதனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தியாகமா, வேலைநிறுத்தமா?

தியாகக் கதைகளில் இன்னொன்று ஜகதீஷ் சந்திர போஸ் பற்றியது. 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கு முழுச் சம்பளம். அதே வேலையைச் செய்யும் இந்தியருக்கு அதைவிடக் குறைவு. போஸ் மூன்று ஆண்டுகள் சம்பளத்தைக் கையால் தொடவில்லை. ஆனால் ஒரு வகுப்பையும் விடாமல் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் பணிந்தது. முழுச் சம்பளமும் மூன்றாண்டு நிலுவையோடு கிடைத்தது.

பள்ளிப் பாடங்களில் இதைத் தன்மானத் தியாகம் என்று எழுதுகிறார்கள். நடந்தது ஒரு சம்பளப் போராட்டம். சம வேலைக்குச் சம ஊதியம் என்பதுதான் கோரிக்கை. அவர் பணத்தைத் துறக்கவில்லை, முழுப் பணத்தையும் கேட்டார். நிலுவையைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இன்று ஆய்வு மாணவர்கள் உதவித்தொகை கேட்டுத் தெருவுக்கு வந்தால் அறிவியலாளருக்கு இது அழகா என்று கேட்கிறவர்கள், போஸ் செய்தது என்ன என்பதை மறுபடி படிக்க வேண்டும்.

அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. போஸின் குடும்பத்தில் கடன் இருந்தது. ஆனாலும் அவருடைய தந்தை ஆங்கிலேய அரசில் டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். மூன்று ஆண்டுகள் சம்பளமில்லாமல் தாக்குப்பிடித்துச் சண்டை போட அவருக்கு ஓர் இடம் இருந்தது. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை மூன்று மாதம் தாக்குப்பிடிக்காது. போராடுவதற்கும் ஒரு சேமிப்பு வேண்டியிருக்கிறது.

கணக்கில் வராத தியாகங்கள்

சைக்கிளில் ராக்கெட் முனையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் தும்பா புகைப்படத்தை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏழை நாட்டு அறிவியலாளர்களின் எளிமைக்கு அடையாளமாக அதைக் காட்டுவார்கள். 1963 நவம்பரில் அங்கிருந்து முதல் ராக்கெட் ஏறியது. அந்த ராக்கெட்டுக்கான வேலைகள் நடந்தது ஒரு மாதா கோயிலில். அந்தக் கோயிலும் அதைச் சுற்றியிருந்த நிலமும் மீனவ மக்களுடையவை. அரசு கேட்டது, ஆயர் பேசினார், மக்கள் சம்மதித்து வேறிடத்துக்குப் போனார்கள். பின்னாளில் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது அந்தத் தீவில் தலைமுறைகளாக வாழ்ந்த யானாதி பழங்குடி மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். இப்போது தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் வருகிறது. அதற்கு அடிக்கல் நாட்டியதும் ஒரு அறிவியல் நாளன்றுதான், 2024 பிப்ரவரி 28.

இந்திய விண்வெளி ஆய்வின் வரலாற்றில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு ஒரு படம் இருக்கிறது. வீட்டைக் கொடுத்தவர்களுக்குக் கூடிப்போனால் ஒரு வரி இருக்கிறது. தும்பாவின் மீனவப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதே நிலையத்தில் அறிவியலாளராக உள்ளே போனார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அறிவியலுக்காக யார் இழக்கிறார்கள், அந்த அறிவியலுக்குள் யார் நுழைகிறார்கள் என்ற இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாதி தெரியும்.

மேகநாத் சாகா கட்டிய விலை

மேகநாத் சாகா 1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா சிறு கடைக்காரர். வங்காளத்தில் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். ஊரில் ஆரம்பப் பள்ளிக்கு மேல் வழியில்லை. சில மைல் தள்ளியிருந்த ஊரில் ஒரு மருத்துவர் தன் வீட்டில் தங்கிப் படிக்க இடம் கொடுத்தார். மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. டாக்கா பள்ளிக்குப் போனபோது உதவித்தொகை கிடைத்தது. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905இல் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அந்த உதவித்தொகையைப் பிடுங்கிக்கொண்டு பள்ளியிலிருந்தும் அனுப்பினார்கள்.

பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். ஈடன் இந்து விடுதியில் அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மற்ற மாணவர்கள் மறுத்தார்கள். சரஸ்வதி பூசையில் அவரைச் சேர்க்கவில்லை. கல்விக் கடவுள் என்று சொல்லிக்கொண்டே, வகுப்பில் முன்வரிசை மாணவரை வெளியே நிற்கவைத்தார்கள். படிப்பு முடிந்தும் டியூஷன் எடுத்து, கல்கத்தா முழுக்கச் சைக்கிள் மிதித்து, பெற்றோரையும் தம்பியின் படிப்பையும் பார்த்துக்கொண்டார்.

1920இல் அவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு வானியலின் போக்கையே மாற்றியது. ஒரு விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதன் வெப்பநிலையைச் சொல்ல வழி பிறந்தது. இது எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன்னால் நடந்த ஒன்று அவ்வளவாகத் தெரியாது. 1917இல் ஒளி அழுத்தம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதி அமெரிக்காவின் அஸ்ட்ரோபிசிகல் ஜர்னலுக்கு அனுப்பினார். கட்டுரை நீளம், அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஏற்றால் வெளியிடுகிறோம் என்று பதில் வந்தது. தொகை நூறு டாலருக்கு மேல். அவரால் முடியவில்லை. ஒரு சிறு குறிப்பு மட்டும்தான் வெளிவந்தது. முழுக் கட்டுரை கிடப்பில் போனது. சம்பளம் குறைவு, வீட்டைப் பார்க்க வேண்டியிருந்தது, அந்தக் கருத்தை மேலே கொண்டுபோக முடியவில்லை என்று பின்னாளில் அவரே ஒரு வானியலாளருக்கு எழுதினார். அந்தத் துறையை வளர்த்த பெயர் ஐரோப்பியர்களுக்குப் போனது.

இதைத் தியாகம் என்று சொல்ல முடியுமா? யாருக்காக, எதற்காகச் செய்த தியாகம்? ஒரு கருத்து பிறந்தது, அச்சுக்கூலி இல்லாததால் செத்தது. நட்டம் சாகாவுக்கு மட்டுமா? அறிவியலுக்கும்தான். வறுமை மேதைகளை உருவாக்குகிறது என்று பேசுகிறவர்கள் இந்தக் கட்டுரையை நினைத்துக்கொள்ள வேண்டும். வறுமையில் பிழைத்து வந்த மேதையின் பெயர்தான் நமக்குத் தெரியும். பிழைக்காமல் போனவர்களுக்குச் சிலை இல்லை.

சாகா மேலே வந்த பிறகு என்ன செய்தார் என்பது முக்கியம். நான் பட்டினி கிடந்து படித்தேன், நீங்களும் கிடங்கள் என்று அவர் சொல்லவில்லை. அலகாபாத்தில் ஆய்வகத்துக்காக அரசோடு மல்லுக்கட்டினார். அறிவியலும் சமூகமும் பேசும் இதழை 1935இல் தொடங்கினார். கல்கத்தாவில் அணு இயற்பியல் நிறுவனத்தைக் கட்டினார். 1952இல் காங்கிரசை எதிர்த்துத் தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போய், அறிவியலுக்கான பணம் யார் கையில் இருக்கிறது, எப்படிச் செலவாகிறது என்று நேருவின் அரசைக் கேள்வி கேட்டார். 1956 பிப்ரவரியில் டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில்தான் விழுந்து இறந்தார்.

அம்பேத்கர் கேட்ட 3 லட்சம்

சாகாவைவிட இரண்டு வயது மூத்தவர் அம்பேத்கர். அவருடைய ஆய்வுக் காலம் நமக்கு நன்றாகத் தெரிந்த கதை என்றாலும், ஒரு ஆய்வு மாணவரின் கதையாக அதைப் படித்துப் பாருங்கள். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த உதவித்தொகையில் கொலம்பியா போனார். அங்கிருந்து லண்டன். 1917இல் உதவித்தொகை முடிந்தது. ஆய்வைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அவருடைய நூல்களை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதி தெரிந்ததும் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பம்பாய் சிடனம் கல்லூரியில் ஆசிரியராகி, சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியோடும் நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனோடும் 1920இல் மறுபடி லண்டன் போனார். அரைவயிற்றுச் சாப்பாட்டில் நூலகமே கதியென்று கிடந்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

அந்த ஆண்டுகளில் பம்பாயில் ஒரு சிறு வீட்டில் குடும்பத்தை நடத்தியவர் ரமாபாய். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் தவிர மற்ற நால்வரும் சிறு வயதிலேயே இறந்தார்கள். ஆய்வின் விலையை ஆய்வாளர் மட்டும் கட்டுவதில்லை. வீட்டிலிருக்கும் பெண் கட்டுகிறார், குழந்தைகள் கட்டுகிறார்கள். பட்டச் சான்றிதழில் அவர்கள் பெயர் வராது.

இப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்தவர் 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு கோரிக்கை மனு கொடுத்தார். கல்வி பற்றிய பகுதியில் அவர் கேட்டதைப் பாருங்கள். இந்தியாவில் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதே துறைகளைப் படிக்க ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். கலையும் சட்டமும் படித்தால் போதாது, உயர்நிலை அறிவியல் கல்விதான் இந்த மக்களைத் தூக்கிவிடும் என்று வாதாடினார். அந்தக் கல்விக்கு ஆகும் செலவை இந்த மக்களால் தாங்க முடியாது, அரசுதான் கொடுக்க வேண்டும் என்றார். பொருளாதாரமும் சட்டமும் படித்த ஒருவர், தன் மக்களுக்கு ஆய்வகத்தின் கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டது இது. 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது.

இதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. துன்பப்பட்டு மேலே வந்தவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. தான் பட்ட துன்பத்தைத் தகுதிச் சான்றாக மாட்டிக்கொண்டு அடுத்த தலைமுறையிடம் அதே துன்பத்தைக் கேட்பது ஒரு வழி. அந்தத் துன்பம் இனி யாருக்கும் தேவைப்படாதபடி ஒரு நிதி ஒதுக்கீட்டை, ஒரு விதியை, ஒரு நிறுவனத்தை உண்டாக்குவது இன்னொரு வழி. அம்பேத்கர் இரண்டாவது வழியில் போனார். அதிகாரம் கைக்கு வந்த நான்காவது மாதத்தில் கணக்குப்போட்டுத் தொகையைக் கேட்டார்.

அந்த வழியை அடைக்கிறார்கள்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55இலிருந்து இருக்கிறது. 2022இல் அதன் விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு வெளிநாடு போக முடியாது என்றார்கள். சாதியைப் பற்றி வெளியே போய் ஆராயாதே என்பதுதான் பொருள். 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களிடம் சொன்ன பதில் இது. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022 டிசம்பரில் ஒரேயடியாக நிறுத்தினார்கள்.

ஜே.ஆர்.எஃப். தொகை 2019 ஜனவரியில் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. அதற்கு நாடு முழுவதும் ஆய்வு மாணவர்கள் மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அடுத்த உயர்வு நான்கு ஆண்டு கழித்து, 2023 ஜனவரியிலிருந்து 37,000. அதற்கும் போராட்டம்தான். விலைவாசி ஆண்டுதோறும் ஏறும். உதவித்தொகை தெருவில் உட்கார்ந்தால்தான் ஏறும். நெட் தேர்வில் உதவித்தொகை பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிறவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுக்கு மேலாக அதே 8,000. 2015இல் அதையும் ஒழிக்கப் பார்த்தார்கள், டெல்லியில் யு.ஜி.சி. அலுவலகத்தை மாணவர்கள் முற்றுகையிட்டதால் தப்பியது.

தொகை குறைவு என்பது பாதிப் பிரச்சினை. அது எப்போது வரும் என்று தெரியாதது மீதிப் பாதி. யு.ஜி.சி. உதவித்தொகைக்கு ஒவ்வொரு மாதமும் நிறுவனம் இணையதளத்தில் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு வருகைச் சான்று, கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, பிறகு அலுவலகத்தில் மேக்கர் ஒருவர், செக்கர் ஒருவர். இவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் போச்சு. ஒருவருக்கு உங்களைப் பிடிக்காவிட்டாலும் போச்சு. கைடு வீட்டுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு போவதிலிருந்து, அவர் பெயரைக் கட்டுரையில் முதலில் போடுவது வரை எல்லா அடிமைத்தனமும் இந்தக் கையெழுத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஒரே தாமதம் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. அப்பா பேராசிரியராக இருக்கும் மாணவர் வீட்டில் வாங்கிக்கொள்வார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு உதவித்தொகை தனக்கான பணம் மட்டுமல்ல. ஊரில் ஒரு குடும்பத்தின் மாத வரவு அது. ஆறு மாதம் நின்றால் தங்கையின் கல்லூரிக் கட்டணம் நிற்கும், வட்டி ஏறும். நான்காவது மாதம் வீட்டில் கேட்பார்கள்: இந்தப் படிப்பு எப்பப்பா முடியும்? ஐந்தாவது மாதம் அவரே வேலை தேட ஆரம்பிப்பார். பிறகு துறைக் கூட்டத்தில் சொல்வார்கள்: ரிசர்வேஷனில் வருகிறவர்கள் முடிக்காமல் ஓடிவிடுகிறார்கள்.

ஹைதராபாத் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் 2008இல் நாம் இழந்த செந்தில்குமார் சேலம் மாவட்டத்தின் ஒரு பன்றி வளர்க்கும் குடும்பத்திலிருந்து போனவர். அவருக்குக் கைடே ஒதுக்கப்படவில்லை. துறை விதிகள் தெளிவில்லாமல் இருந்ததையும், அதனால் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களே என்பதையும் பல்கலைக்கழகம் அமைத்த குழுவே பதிவுசெய்தது. எட்டு ஆண்டு கழித்து அதே வளாகத்தில் ரோகித் வெமுலா. ஜே.ஆர்.எஃப். பெற்றவர், அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று கனவு கண்டவர். ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், அவருக்கு வரவேண்டியிருந்தது. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு வெட்டவெளியில் வெளிவாடா அமைத்துத் தங்கினார். கடைசிக் கடிதத்தில்கூட அந்தப் பாக்கியை வாங்கிக் குடும்பத்திடம் கொடுங்கள் என்றும், நண்பருக்குத் திருப்ப வேண்டிய கடன் இருக்கிறது என்றும் கணக்கு எழுதிவைத்தார். அவருடைய மற்ற வரிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழை நாடு என்ற பதில்

நாம் இப்படிக் கேட்டால், இது வளரும் நாடு, பணமில்லை என்பார்கள். இந்தியா தன் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தைத்தான் ஆய்வுக்குச் செலவிடுகிறது. சீனா 2 சதவீதத்துக்கு மேல். தென்கொரியா அதைப்போல இரு மடங்கு. தென்கொரியாவும் ஒருகாலத்தில் நம்மைப்போல ஏழை நாடுதான். அது அறிவியலாளர்களின் பட்டினியில் வளரவில்லை.

பணமே இல்லை என்பதும் உண்மையல்ல. 2023இல் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டபோது ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்றார்கள். 2025 ஜூலையில் தனியார் துறை ஆய்வுக்கு மலிவு வட்டியில் கடன் தருவதை முதன்மையாகக் கொண்ட 1 லட்சம் கோடித் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கம்பெனிக்குக் கொடுத்தால் ஊக்குவிப்பு, மாணவருக்குக் கொடுத்தால் செலவு. கம்பெனி முதலாளியிடம் தியாக உணர்வு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டு அரசையும் விட்டுவிட முடியாது. சமூகநீதியின் பெயரால் முதல் தலைமுறைப் பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்ததில் இந்த மாநிலம் பெருமைப்படலாம். அந்தப் பிள்ளை முனைவர் பட்டம் வாங்கிய பிறகு என்ன ஆகிறது? அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். யு.ஜி.சி. மாதம் 50,000 வரை தரலாம் என்கிறது; இங்கே உயர்த்திக் கொடுத்த பிறகும் 25,000. பேரில் கௌரவம் இருக்கிறது.

மேலே போகப் போக நம் மக்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இளநிலைப் பட்டத்திலிருந்து பேராசிரியர் பதவி வரை ஒவ்வொரு படியிலும் தலித், பழங்குடியினரின் பங்கு எப்படிச் சுருங்குகிறது என்பதை 2023 ஜனவரியில் நேச்சர் இதழ் வரைபடம் போட்டுக் காட்டியது. தகுதியில்லாமல் குறைகிறார்கள் என்பார்கள். தாமதமான ஒவ்வொரு உதவித்தொகையும், ஒதுக்கப்படாத ஒவ்வொரு கைடும், நிரப்பப்படாத ஒவ்வொரு இடஒதுக்கீட்டுப் பணியிடமும் அந்தப் படிகளில் ஒன்றை உடைக்கிறது. உடைத்தவர்களே மேலே நின்றுகொண்டு ஏன் ஏறவில்லை என்று கேட்கிறார்கள்.

நாம் என்ன கேட்க வேண்டும்

கோரிக்கைகள் எளியவை. உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வர வேண்டும். தாமதித்தால் நிறுவனம் தன் நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். தொகை அகவிலைப்படிபோல விலைவாசியோடு தானாக உயர வேண்டும். 8,000 ரூபாய் என்ற அவமானத்துக்கு முடிவுகட்ட வேண்டும். சேர்ந்த குறிப்பிட்ட நாட்களுக்குள் கைடு ஒதுக்கப்பட வேண்டும். கைடை மாற்றக் கேட்டால் அது குற்றமாகக் கூடாது. பணம் ஒருவரின் கையெழுத்தில் தொங்கக் கூடாது. கட்டுரை வெளியீட்டுக் கட்டணமும் கருத்தரங்குப் பயணச் செலவும் மாணவர் தலையில் விழக் கூடாது. சாகாவுக்கு நடந்தது நூறாண்டு கழித்தும் நடக்கிறது என்பது வெட்கக்கேடு. எஸ்.சி., எஸ்.டி. பிரிவு பெயர்ப்பலகையாக இல்லாமல், புகாரை விசாரித்து முடிவெடுக்கும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

இவற்றில் எதுவும் சலுகையில்லை. ஆய்வு என்பது உழைப்பு. உழைப்புக்குக் கூலி, வேலையிடத்தில் பாதுகாப்பு, தவறு நடந்தால் முறையிட ஓர் இடம். மில் தொழிலாளி கேட்டதைத்தான் ஆய்வு மாணவரும் கேட்கிறார்.

இதைப் படிக்கும் தோழர்களில் ஆய்வில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கஷ்டத்தைத் தனியே விழுங்காதீர்கள். உங்கள் துறையில் எத்தனை பேருக்கு எத்தனை மாதம் பாக்கி என்று ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியலாகிவிட்டால் அது உங்கள் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், சங்கமாகச் சேருங்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோங்கள். 2015இலும் 2019இலும் 2023இலும் கிடைத்தது எல்லாம் இப்படித்தான் கிடைத்தது.

நம்மில் முட்டிமோதி மேலே போய்ப் பேராசிரியராக, அறிவியலாளராக, அதிகாரியாக இருக்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் பட்டது எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்கள், எழுதுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் உங்களிடம் வரும் பிள்ளையை அதே நெருப்பில் இறக்கி அளக்காதீர்கள். உங்கள் மேசைக்கு வரும் உதவித்தொகைக் கோப்பில் அன்றே கையெழுத்துப் போடுங்கள். குழுவில் உட்கார்ந்தால் விதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அம்பேத்கர் தன் பட்டினியைப் பற்றிப் பேசி வைஸ்ராயிடம் இரக்கம் கேட்கவில்லை. ஆண்டுக்கு 3 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். அவர் பெயரைச் சொல்லும் நாம் கேட்க வேண்டியதும் தொகை, தேதி, விதி.